அண்டத்தின் வடிவை அளந்தறிதல்

ஒரு பொருளின் வடிவை அறிய வேண்டுமாயின் அதனை விட்டு விலகி நின்று நோக்குதல் வேண்டும் என்பது பொதுமக்கள் கருத்து. மலையின் உருவம் மலைமேல் நிற்பானுக்குப் புலப்படாது. தேரின் அழகு தேருள் இருப்பானுக்குத் தோன்றாது. அங்ஙனமாயின், நாம் உள்ளடங்கியிருக்கும் இவ்வண்டத்தின் வடிவை எவ்வாறு அறிவது? இதனை விட்டு நீங்கி நின்று நோக்குதற்கு ஓரிடம் இல்லை. ஆயினும், சென்ற இருநூறு ஆண்டுகளாக அறிஞர் இவ்வினாவைக் கைவிட்டாரல்லர். இருந்த இடத்தை விட்டு நீங்காமலே, கோணமும் தூரமும் அளக்கும் கருவிகளைக் கொண்டு, அண்டவெளி தட்டையோ வளைந்ததோ என்று ஆராய்ந்து, வியக்கத்தக்க நுட்பமுடையதொரு விடையையும் பெற்றிருக்கின்றனர். அவ்விடை யாது, அஃது எவ்வாறு பெறப்பட்டது, அதனை எவ்வளவு நம்பலாம் என்பனவற்றை ஒருவாறு விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கம். உயர்தரக் கணிதம் பயிலாதாரும் இதனைத் தொடர்ந்து வரலாம். பள்ளியிற் கற்ற முக்கோணம் ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் போதும்.

1. உள்ளிருந்தே வளைவை அறிதல்

தட்டையான காகிதத்தின்மேல் வரையப்பட்ட முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை, அதாவது இரண்டு செங்கோணம், வரும் என்பதை நாம் யாவரும் அறிவோம். உருண்டையின்மேல் வரையப்படும் முக்கோணத்திற்கு இவ்விதி பொருந்தாது. வட துருவத்தில் நிற்பானொருவன் நேரே தெற்கு நோக்கி நடந்து பூமத்திய ரேகையை அடைகின்றான் எனக் கொள்வோம். ஆங்குக் கிழக்கே திரும்பிப் பூமியின் சுற்றளவில் நாலிலொரு பங்கு நடந்து, பின் வடக்கே திரும்பி நேரே செல்வானாயின், புறப்பட்ட துருவத்தையே மீண்டும் அடைவான். அவன் சுற்றிவந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் செங்கோணங்களே. அவற்றின் கூட்டுத்தொகை 270 பாகை. அவன் பூமியை விட்டு ஓரடியும் மேலெழும்பவில்லை. எனினும் தன் காலின் கீழுள்ள தரை வளைந்தது என்பதைக் கோணங்களைக் கொண்டே அறிந்து விடுகின்றான்.

இம்மிகுதி முக்கோணத்தின் பரப்புக்குத் தக்கபடி வளரும். பூமியின்மேல் ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு, மிகும். ஆதலின் வீட்டு மனையை அளப்பவர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நாட்டை அளப்பவரோ இதனைக் கணக்கிட்டே தீரவேண்டும். 1802இல் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் ஆதாரக்கோடு ஒன்றை அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய இந்தியப் பெருமுக்கோண அளவையிலும், பெரிய முக்கோணங்கள் யாவற்றிற்கும் இவ்வுருண்டை மிகுதி கணக்கிடப்பட்டது.

இனி, குதிரைச் சேணம் போல ஒரு பக்கம் மேல்நோக்கியும் மற்றொரு பக்கம் கீழ்நோக்கியும் வளைந்த பரப்பின்மேல் முக்கோணம் வரைந்தால், கோணங்களின் தொகை 180 பாகைக்குக் குறைந்து வரும். எனவே பரப்புக்கள் மூவகைப்படும். தொகை மிகுந்து வருவது நேர்வளைவு. குறைந்து வருவது எதிர்வளைவு. சரியாக நிற்பது தட்டை. நீளமும் அகலமும் மட்டும் உடைய பரப்புக்குக் கூறிய இம்மூவகையும், நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றும் உடைய வெளிக்கும் பொருந்தும். வளைந்த வெளியை மனக்கண்ணால் உருவகப்படுத்துதல் இயலாது. ஆயின் அளப்பதற்கு உருவகம் வேண்டியதில்லை. ஒளிக்கதிர்களைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணமே போதும்.

2. ஐயத்தின் தோற்றம்

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகட்கு முன் யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர் தம் க்ஷேத்திர கணித நூலை இயற்றினார். அதன் ஐந்தாம் அடிப்படைக் கூற்றிலிருந்தே, ஒரு நேர்கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக அதற்கு ஓர் இணைகோடு மட்டுமே வரையலாம் என்பதும், முக்கோணத்தின் கோணங்கள் இரண்டு செங்கோணமாம் என்பதும் பெறப்படும். இக்கூற்றைப் பிறவற்றிலிருந்து நிறுவிவிட இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பலர் முயன்றும் ஒருவருக்கும் கைகூடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ருஷியாவின் லொபாச்செவ்ஸ்கி 1829இலும், ஹங்கேரியின் போல்யாய் 1832இலும், அக்கூற்றை மறுத்தும் முரண்பாடில்லாத வேறொரு க்ஷேத்திர கணிதத்தை அமைக்கலாம் என்று காட்டினர். 1854இல் ஜெர்மனியின் கெட்டிங்கனில் ரீமான் ஆற்றிய உரை, எவ்வகை வளைவுடைய வெளிக்கும் உரிய பொதுக்கணிதத்தை வகுத்தது.

இதனால் விளைந்த மாறுதல் பெரிது. அதுகாறும் வெளியின் இயல்பு அறிவினால் மட்டும் ஐயமறத் துணியப்படுவதென்று கருதப்பட்டு வந்தது. இனி அவ்வாறன்று. பல க்ஷேத்திர கணிதங்கள் முரணின்றி நிற்றலால், அவற்றுள் இவ்வுலகிற்கு உரியது எது என்பதை அளந்தே அறிதல் வேண்டும். கணிதர் மேசையிலிருந்த வினா வானநூலார் கைக்கு மாறியது.

3. மலை முக்கோணமும் விண்மீன் முக்கோணமும்

காஸ் என்னும் பேரறிஞர் 1820ஆம் ஆண்டுகளில் ஹானோவர் நாட்டை அளந்தபோது, புரோக்கன், ஹோஹெர் ஹாகென், இன்செல்ஸ்பெர்க் என்னும் மூன்று மலையுச்சிகளை இணைக்கும் முக்கோணத்தை அளந்தார். அதன் பக்கங்கள் ஏறக்குறைய 69, 85, 107 கிலோமீட்டர். பூமியின் உருண்டையால் வரும் சுமார் 15 விகலையைக் கழித்தபின் எஞ்சிய வேறுபாடு ஒரு விகலைக்கும் குறைவு. அஃது அளவைப் பிழைக்குள் அடங்கிவிடும். வெளியின் வளைவைச் சோதிக்கவே அவர் இதனை அளந்தார் என்று வழங்கும் கதையைச் சரித்திர ஆசிரியர் பலர் ஒப்புவதில்லை. எவ்வாறாயினும், அம்முக்கோணம் கற்பிப்பது ஒன்றுண்டு. வெளியின் வளைவு ஆரம் மிகப் பெரிதாயின், மலைகளுக்கிடையே அமைந்த முக்கோணம் ஒருநாளும் அதனைக் காட்டாது. எறும்பு தன் வளையைச் சுற்றி அளந்து பூமி உருண்டை என்று காண இயலுமோ? முக்கோணம் பெரிதாக வேண்டும்.

இதனை உணர்ந்தே லொபாச்செவ்ஸ்கி விண்மீன்களை நோக்கினார். பூமி சூரியனைச் சுற்றிவருதலால், ஆண்டின் இருவேறு காலங்களில் நோக்கும்போது அண்மையிலுள்ள விண்மீன் சிறிது இடம் மாறியதுபோலத் தோன்றும். இம்மாற்றத்தின் கோணம் மிக நுண்ணியது. ஐயமின்றி அதனை முதன்முதல் அளந்து வெளியிட்டவர் பெஸ்ஸல், ஆண்டு 1838. தட்டை வெளியில், விண்மீன் எவ்வளவு தொலைவோ அவ்வளவு இக்கோணம் சிறுகிக்கொண்டே போகும். எதிர்வளைவுடைய வெளியிலோ, எவ்வளவு தொலைவிலுள்ள விண்மீனுக்கும் இக்கோணம் ஒரு வரம்புக்குக் கீழே குறையாது. ஆகவே நாம் காணும் மிகச் சிறிய கோணமே வளைவுக்கு ஓர் எல்லை கட்டிவிடும்.

1900இல் கார்ல் ஷ்வார்ஷில்ட் இந்நெறியைப் பின்பற்றிக் கணக்கிட்டார். வெளி எதிர்வளைவுடையதாயின் அதன் வளைவு ஆரம் 64 ஒளியாண்டுக்குக் குறையாதென்றும், நேர்வளைவுடையதாயின் 1,600 ஒளியாண்டுக்குக் குறையாதென்றும் அவர் முடிவு கூறினார். ஒளியாண்டென்பது ஒளி ஓராண்டிற் செல்லும் தூரம். ‘வளைவு இல்லை’ என்று அவர் கூறவில்லை; ‘இருப்பின் இத்துணைச் சிறிதே’ என்று மட்டும் கூறினார். இவ்வேறுபாட்டை நண்பர்கள் உளங்கொள்ளுதல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

4. பொருளும் வெளியும்

1915இல் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்புக் கொள்கையை முடித்தமைத்தார். பொருளும் ஆற்றலும் வெளியை வளைக்கும் என்பது அதன் சாரம். 1919ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தில், சூரியனருகே தோன்றிய விண்மீன்களின் ஒளி அக்கொள்கை கூறியபடி வளைந்தமை காணப்பட்டது. ஒரு சூரியன் தன் பக்கத்து வெளியை வளைக்குமாயின், அண்டத்திலுள்ள பொருளனைத்தும் சேர்ந்து அண்டவெளி முழுவதையும் எவ்வாறு வளைக்கும்? 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் ருஷிய அறிஞர் பிரீட்மான் இதற்குரிய சமன்பாடுகளை வகுத்தார். அண்டம் விரியலாம் என்பதும் அவற்றால் விளங்கிற்று. 1927இல் பெல்ஜிய நாட்டுக் குருவாகிய லெமேத்தரும், 1929இல் அமெரிக்க வானநூலார் ஹபிளும் எழுதியவற்றால் அவ்விரிவு உண்மையென்று தெளிவாயிற்று.

அச்சமன்பாடுகளால் ஓர் எல்லை அடர்த்தி பெறப்படுகின்றது. அண்டத்தின் சராசரி அடர்த்தி அவ்வெல்லைக்குச் சரியாயின் வெளி தட்டை, மிகுதியாயின் நேர்வளைவு, குறைவாயின் எதிர்வளைவு. இன்றைய விரிவின் வேகத்திற்கு அவ்வெல்லை ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து ஹைட்ரஜன் அணுக்களின் எடையே.

ஆகவே வளைவை அறிய இருவழிகள் உள. ஒன்று, அண்டத்தை நிறுத்துப் பார்த்தல். மற்றொன்று, முக்கோணம் அமைத்து அளந்து பார்த்தல். இருவழியும் ஒரே விடையைத் தருமாயின் கொள்கை நிலைபெறும்; மாறுபட்ட விடைகளைத் தருமாயின், எங்கோ ஒரு பெரும் பொருள் நம் கண்ணுக்குத் தப்பியதாகும். நடந்தது என்னவென்பதே இனிக் கூறப்படுவது.

5. எண்ணிப் பார்த்தலும் நிறுத்துப் பார்த்தலும்

ஹபிள் முதலில் எண்ணிப் பார்க்கும் முறையைக் கையாண்டார். விண்மீன் மண்டலங்கள் எங்கும் ஒத்துப் பரவியிருப்பின், தட்டை வெளியில் தூரம் இரட்டித்தால் அதனுள் அடங்கும் மண்டலங்களின் தொகை எட்டு மடங்காகும். நேர்வளைவாயின் அதனிற் குறையும்; எதிர்வளைவாயின் மிகும். 1930ஆம் ஆண்டுகளில் அவர் மங்கிய மண்டலங்களை எண்ணிக் கணக்கிட்டார். அண்டம் விரிகின்றதென்று கொண்டால், அவ்வெண்ணிக்கை நம்பவொண்ணாத சிறிய, அடர்ந்த அண்டத்தைக் காட்டிற்று. விரிவையே ஐயுறும் நிலைக்கு அது ஹபிளைக் கொண்டு சென்றது. 1948இல் பலோமார் மலையில் ஐந்து மீட்டர் அகலமுள்ள கண்ணாடியுடைய பெரிய தூரதிருஷ்டிக் கருவி நிறுவப்பட்டபின், அதனைக் கொண்டு அண்ட வகைகளை எவ்வாறு பிரித்தறியலாம் என்று 1961இல் ஆலன் ஸாண்டேஜ் விரிவாக ஆராய்ந்தார்.

அம்முயற்சிக்கு ஒரு தடை நேர்ந்தது. தொலைவிலுள்ளதை நோக்குதல் பழமையை நோக்குதலேயாம். ஒளி நம்மை வந்தடைய நெடுங்காலம் ஆகின்றதன்றோ? நூறு கோடி ஆண்டுகட்கு முன்பிருந்த மண்டலம் இன்றுள்ளதைப் போன்றதே என்று கொள்ளுதற்கு என்ன உறுதி? மண்டலங்களும் தோன்றி, வளர்ந்து, மங்குவன. அம்மாறுதலே வளைவின் குறியைக் காட்டிலும் பெரிது என்பதைப் பீட்ரிஸ் டின்ஸ்லி என்னும் பெண்மணியார் 1960ஆம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து தெளிவுறக் காட்டினார். அளவுகோலே வளர்ந்தும் தேய்ந்தும் நிற்குமாயின் அளவை எங்ஙனம் நிலைபெறும்?

நிறுத்துப் பார்த்தவர்களும் இடர்ப்பட்டனர். ஒளிரும் விண்மீன்கள் எல்லை அடர்த்தியில் மிகச் சிறு பகுதியே. 1933இல் ஸ்விக்கி, கோமா மண்டலத் தொகுதியின் இயக்கத்தை ஆராய்ந்து, கண்ணுக்குப் புலப்படாத பொருள் ஆங்கு மிகுதியாக இருத்தல் வேண்டுமென்றார். 1970ஆம் ஆண்டுகளில் வேரா ரூபினும் அவர் உடனுழைத்தோரும் சுழலும் மண்டலங்களை அளந்து அதனை வலியுறுத்தினர். ஆயினும் புலப்படுவதும் புலப்படாததும் ஆகிய எல்லாப் பொருளையும் கூட்டினாலும், 1990ஆம் ஆண்டுகளில் வந்த தொகை எல்லையில் நூற்றுக்கு 30 பங்கேயாம். அதன்படி வெளி எதிர்வளைவுடையதாதல் வேண்டும்.

மறுபுறம், அண்டம் தன் முதற்கணத்தில் மிக விரைந்து ஊதிப் பெருத்ததென்று 1981இல் ஆலன் கூத் வெளியிட்ட கொள்கை, வெளி தட்டையாகவே காணப்படும் என்றது. ஊதிப் பெருத்த பந்தின் சிறு பகுதி தட்டையாகத் தோன்றுதல் போல என்க. கொள்கை ஒன்று கூற, துலாக்கோல் மற்றொன்று கூறிற்று. இவ்வழக்கைத் தீர்க்க, காலத்தால் மாறாத ஓர் அளவுகோலும், அண்டத்தளவு பெரியதொரு முக்கோணமும் தேவையாயின.

6. ஆதி ஒளியில் அமைந்த அளவுகோல்

1964இல் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் பென்ஸியாஸ், வில்ஸன் என்னும் இருவர் ரேடியோ உணர்கருவி ஒன்றைச் சோதித்துக் கொண்டிருக்கையில், எத்திசை நோக்கினும் நீங்காத மெல்லிய இரைச்சலொன்றைக் கேட்டனர். அஃது அண்டத்தின் ஆதி ஒளி. அண்டம் பிறந்து 3,80,000 ஆண்டு வரை ஹைட்ரஜனும் ஹீலியமும் அணுவாகக் கூடாது, வெந்தழலாய், ஒளி புகாத மூடுபனிபோல நிறைந்திருந்தன. வெப்பம் ஏறக்குறைய 3,000 பாகையாகத் தணிந்தபோது அணுக்கள் அமைந்தன, மூடுபனி விலகிற்று, ஒளி தடையின்றிச் செல்லலாயிற்று. அன்று புறப்பட்ட அவ்வொளியே, வெளி ஏறக்குறைய 1,100 மடங்கு விரிந்தமையால் தானும் நீண்டு குளிர்ந்து, இன்று ரேடியோ அலையாக நம்மை வந்தடைகின்றது.

மூடுபனி நிலவிய காலத்தில் அத்தழலூடே ஒலியலைகள் பரவின. அடர்ந்த இடத்தைப் பொருளின் ஈர்ப்பு உள்ளே இழுக்க, ஒளியின் அழுத்தம் வெளியே தள்ள, இவ்விரண்டின் போராட்டத்தால் எழுந்த அலைகள் அவை. ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட வேகத்துடன் அவை சென்றன. ஒளி விடுபட்ட கணத்தில் அவை நின்றன. அதுகாறும் ஓர் ஒலியலை எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்பது, எளிய பௌதிக விதிகளால் கணக்கிடத்தக்கது. இன்றைய விரிந்த அளவிற் கூறின், அத்தூரம் ஏறக்குறைய 47 கோடி ஒளியாண்டு. மண்டலங்களைப் போல இதற்கு வளர்ச்சியும் தேய்வும் இல்லை. தேடிய அளவுகோல் இதுவே.

இவ்வளவுகோல் நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் உளது? அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டாயினும், ஒளி வந்துகொண்டிருக்கையில் வெளியும் விரிந்துகொண்டே இருந்தமையால், அவ்வொளி புறப்பட்ட இடம் இன்று ஏறக்குறைய 4,500 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உளது. ஆகவே ஒரு பெரிய முக்கோணம் அமைகின்றது. அடிப்பக்கம் 47 கோடி. மற்றையிரு பக்கங்களும் 4,500 கோடி. உச்சிக்கோணம் நம் கண்ணில். வெளி தட்டையாயின் அக்கோணம் எவ்வளவு? அடியைப் பக்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 96இல் ஒரு பங்கு; பாகையிற் கூறின் 0.6. இவ்வலைகளால் ஆதி ஒளியில் பதிந்த வெப்பத்திட்டுக்கள் இதனினும் சற்று அகன்று, ஏறக்குறைய ஒரு பாகை அளவினவாகத் தோன்றுதல் வேண்டும்.

வெளி வளைந்திருப்பின் இக்கோணம் மாறும். நேர்வளைவுடைய வெளி பூதக்கண்ணாடி போலத் திட்டுக்களைப் பெருக்கிக் காட்டும். எதிர்வளைவுடைய வெளி சுருக்கிக் காட்டும். துலாக்கோல் கூறியபடி அண்டத்தில் 30 பங்கு பொருளே இருந்து, வெளி எதிர்வளைவுடையதாயின், திட்டுக்கள் அரைப் பாகையளவே தோன்றும். பூரண சந்திரனின் அகலம் அரைப் பாகை. ஆகவே வழக்கின் சாரம் இதுவே: வானத்தில் அத்திட்டுக்கள் ஒரு சந்திரன் அகலமோ, இரு சந்திரன் அகலமோ?

7. தென்துருவப் பலூனும் தீர்ப்பும்

அத்திட்டுக்களின் வெப்ப வேறுபாடு இலட்சத்தில் ஒரு பங்கேயாதலின் காண்பது அரிது. 1989இல் செலுத்தப்பட்ட கோபி என்னும் துணைக்கோள் அவ்வேறுபாடு உண்டென்று 1992இல் அறிவித்தது. ஆயின் அதன் பார்வை ஏழு பாகைக்குக் குறைந்ததைப் பிரித்தறியாது. ஆகவே நம் வினாவிற்கு அது விடை கூற இயலவில்லை.

1998 டிசம்பர் இறுதியில், பூமராங் என்று பெயரிய கருவியொன்று பெரிய பலூனில் கட்டப்பட்டு அண்டார்க்டிகாவினின்றும் வானில் விடப்பட்டது. தென்துருவத்தைச் சுற்றி வீசும் உயர்காற்று அதனைப் பத்து நாட்களில் ஒரு வட்டம் சுற்றவைத்துப் புறப்பட்ட இடத்தருகே கொண்டுவந்து சேர்த்தது. காற்று மிக அருகிய அவ்வுயரத்தில், நீராவியின் தடையின்றி அக்கருவி ஆதி ஒளியை நோக்கிற்று. 2000 ஏப்ரலில் முடிவு வெளியாயிற்று. திட்டுக்கள் ஏறக்குறைய ஒரு பாகை. இரு சந்திரன் அகலம். வெளி தட்டை, அல்லது தட்டைக்கு மிக அண்மையது. டெக்ஸாஸில் விடப்பட்ட மாக்ஸிமா என்னும் மற்றொரு பலூனும் அவ்வாண்டே அதனை உறுதிசெய்தது. 2001இல் செலுத்தப்பட்ட டபிள்யூமாப், 2009இல் செலுத்தப்பட்ட பிளாங்க் ஆகிய துணைக்கோள்கள் அக்கோணத்தை மேன்மேலும் நுட்பமாக அளந்தன. பிளாங்க் கண்ட அளவு 0.5965 பாகை; பிழை அதில் பதினாயிரத்தில் சில பங்கே.

துலாக்கோலுக்கும் முக்கோணத்திற்கும் இடைப்பட்ட முரண் என்னவாயிற்று? வெளி தட்டையாயின் அடர்த்தி எல்லைக்குச் சரியாதல் வேண்டும்; நிறுத்த பொருளோ 30 பங்கு. எஞ்சிய 70 பங்கு யாது? விடை வேறொரு வாயிலிலிருந்து முன்னரே வந்து காத்திருந்தது. 1998இல், பெர்ல்மட்டர் தலைமையில் ஒரு குழுவும், ஷ்மிட், ரீஸ் முதலியோர் கூடிய மற்றொரு குழுவும், தொலைவில் வெடித்த விண்மீன்களின் ஒளியை அளந்து, அண்டத்தின் விரிவு தணியவில்லை, விரைகின்றது என்று வெளியிட்டிருந்தன. விரைவிப்பது வெளியெங்கும் பரவிய ஓர் ஆற்றல். அதன் அளவு ஏறக்குறைய 70 பங்கு. மண்டலங்களில் திரளாது எங்கும் ஒத்து நிற்றலால் அது நிறுப்போர் தட்டில் ஏறவில்லை. இன்றைய கணக்கின்படி, நாம் அறிந்த அணுப்பொருள் 5 பங்கு, புலப்படாப் பொருள் 26 பங்கு, இவ்வாற்றல் 69 பங்கு. ஒருவரையொருவர் நோக்காது உழைத்த மூன்று கூட்டத்தாரின் கணக்கு ஒன்றாய்ப் பொருந்தியமையே இம்முடிவின் வலிமை. மூவருள் எவர் ஒருவர் மட்டும் கூறியிருப்பினும் உலகம் இதனை எளிதில் ஏற்றிராது.

8. எஞ்சிய ஐயங்கள்

இங்ஙனம் கூறியதனால் வினா முற்றும் தீர்ந்ததென்று எண்ணுதல் தகாது. கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு தடை தோன்றும். முக்கோணத்தின் பக்கம் 4,500 கோடி ஒளியாண்டு என்றோமே, அதனை எவர் அளந்தார்? அஃது அண்டம் விரிந்த வரலாற்றைக் கொண்டு கணக்கிட்டதேயன்றி, கோல் வைத்து அளந்ததன்று. விரிவின் வேகத்தைச் சிறிது மாற்றிக் கொண்டால், வளைந்த வெளியும் அதே கோணத்தைக் காட்டக்கூடும். ஆகவே ஆதி ஒளி ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் போதாது.

இவ்விடர் வெறும் கற்பனையன்று. பிளாங்கின் 2018ஆம் ஆண்டு அளவுகளைத் தனியே எடுத்துக் கொண்டால், அவை சிறிதளவு நேர்வளைவையே விரும்பி நிற்கின்றன. இதனைக் காட்டி, அண்டம் மூடிய வடிவினதாகலாம் என்று டி வாலென்டினோ, மெல்கியோரி, ஸில்க் என்னும் மூவர் 2019இல் எழுதினர். ஆயின் ஒலியலைகளின் அதே அளவுகோல் மண்டலங்களின் பரவலிலும் பதிந்துளது. 2005இல் இரு குழுவினர் அதனைக் கண்டனர். ஆதி ஒளியில் ஒன்றும், அண்மையிலுள்ள மண்டலங்களில் ஒன்றுமாக, அதே கோல் இருவேறு தொலைவில் கிடைத்தலின், விரிவின் வரலாற்றையும் வளைவையும் வேறு பிரித்தறிதல் கூடும். இரண்டையும் சேர்த்து நோக்கிய பிளாங்க் குழுவினர், வளைவின் பங்கு 0.0007 என்றும், அதன் பிழை வரம்பு 0.0019 என்றும் கண்டனர். பிழையைக் காட்டிலும் அளவு சிறிதாதலின், வளைவு தென்படவில்லை என்பதே பொருள். சில்லி நாட்டு அடகாமா மலையிலுள்ள வேறொரு கருவி ஆதி ஒளியை அளந்து 2020இல் வெளியிட்ட முடிவும் தட்டை வெளிக்கு இசைந்ததே. ஆகையால் பெரும்பாலோர் மூடிய அண்டக் கருத்தை ஏற்கவில்லை. எனினும், அரிஸோனாவிலுள்ள டெஸி என்னும் கருவி 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மண்டல அளவுகள், விரைவிக்கும் ஆற்றல் காலத்தால் மாறலாமோ என்னும் புதிய ஐயத்தை எழுப்பியிருக்கின்றன. அவ்வாற்றலின் இயல்பு மாறினால் விரிவின் வரலாறு மாறும். வரலாறு மாறினால் வளைவின் கணக்கையும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உளது. தட்டை என்பதும் எல்லையற்றது என்பதும் ஒன்றல்ல. ஒரு காகிதத்தில் முக்கோணம் வரைந்து, அக்காகிதத்தைக் குழலாகச் சுருட்டினால், முக்கோணத்தின் கோணங்கள் மாறுவதில்லை. ஆயினும் குழலைச் சுற்றிச் செல்லும் எறும்பு புறப்பட்ட இடத்தையே அடையும். அதுபோல, தட்டை வெளியும் தன்னுள் தான் திரும்பிச் சேர்ந்து, அளவுடையதாய் இருக்கலாம். அவ்வாறாயின் ஆதி ஒளியில், வானத்தின் இருவேறு திசைகளில், ஒன்றையொன்று ஒத்த வட்டங்கள் தோன்றக்கூடும். அறிஞர் தேடினர், இதுவரை கிடைக்கவில்லை. ஆதலின், அங்ஙனம் திரும்பிச் சேருமாயினும் அச்சுற்று நாம் காணக்கூடிய எல்லையினும் சிறியதாக இருத்தல் அரிது என்றளவே கூறலாம்.

9. முடிவுரை

இத்துணையும் கூறியவற்றால் பெறப்படும் விடையைச் சுருங்கக் கூறுவோம். அண்டவெளி வளைந்திருப்பினும், அதன் வளைவு ஆரம் ஏறக்குறைய 20,000 கோடி ஒளியாண்டுக்குக் குறைந்திருத்தல் அரிது. நாம் காணக்கூடிய அண்டத்தின் எல்லையோ எப்பக்கமும் 4,600 கோடி ஒளியாண்டே. 1900இல் ஷ்வார்ஷில்ட் கட்டிய எல்லை 1,600 ஒளியாண்டாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லை பன்னிரண்டு கோடி மடங்குக்கு மேல் விரிந்தது. விடையின் வடிவமோ மாறவில்லை: அன்றும் ‘இருப்பின் இத்துணைச் சிறிதே’, இன்றும் ‘இருப்பின் இத்துணைச் சிறிதே’.

இதனுள் அடங்கிய உண்மையொன்றை மாணவர் உணர்தல் நன்று. வெளி வளைந்ததாயின், ஒருநாள் போதிய நுட்பமுடைய கருவி அதனைக் கண்டு ‘வளைந்தது’ என்று துணிந்து கூறிவிடும். வெளி சற்றும் வளையாததாயின், எந்தக் கருவியும் அதனை முற்ற நிறுவ வல்லதன்று. எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் பிழை வரம்பொன்று எஞ்சும். அவ்வரம்புக்குள் ஒரு சிறு வளைவு ஒளிந்திருக்க இடமுண்டு. யூக்ளிடின் ஏட்டில் கோணங்களின் தொகை இரண்டு செங்கோணம் என்பது ஐயமற்ற முடிவு. வானத்தில் அதுவே, இன்னும் நுட்பமாக அளக்க வேண்டிய அளவை. பிழை வரம்பையும் உடன் கூறாத அளவு அளவாகாது என்பதை, நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் நீளத்தை அளக்கும்போதும் நாம் மறவாதிருப்போமாக.